கிணற்றடிக் கிண்ணம்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்தது மருதுவின் கிளப்புக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, தேவைப்படவும் இல்லை. மதியம் சந்துமுனையில் வந்து நின்றால் மூக்கே வழி சொல்லிவிடும். கண்டனூர், கோட்டையூர்ப் பக்கமிருந்து வேலையாக வருகிறவர்கள் பஸ்ஸை விட்டாலும் விடுவார்களே ஒழிய, மருது கடைக் கறிக்குழம்பை விடமாட்டார்கள். கண்ணில் நீர் வழிய, மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டுவிட்டு, "யாருப்பா கைப்பக்குவம்?" என்று கேட்பார்கள். "வீட்டுலதான்" என்பான் மருது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழம்பை அவனே பெற்றெடுத்த மாதிரி இருக்கும்.

அந்த வீட்டுக்காரி பொன்னழகு. அவள் தன் குழம்பை வாயில் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அறுபத்தாறில் வந்த விஷக்காய்ச்சல் ஆளை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து மிளகாய் என்றால் அவளுக்கு நெருப்புத்தான். ஒரு சொட்டுப் பட்டாலும் வாயெல்லாம் வெந்து, இரண்டு நாளைக்குத் தண்ணீர்கூட இறங்காது. உப்பு உறைப்பை மணத்தை வைத்தே சரி பார்க்கப் பழகிக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து மோர்ச்சோற்றை விழுங்கிவிடுவாள். கடைசியில் சாப்பிடுகிறவள் தட்டில் என்ன இருந்தது என்று எந்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்? சொல்லியிருக்கலாம். ஆனால் குழம்பு வைக்கிறவளே தொடாத குழம்பு என்று ஒரு பேச்சு கிளம்பினால் கடை என்ன கதிக்கு ஆகும் என்ற பயம். அதைவிட, மருது கடைப் பொன்னழகு என்று ஊரில் இருந்த பேரை விட மனசில்லை.

அறுபத்தெட்டு ஆடியில் மருதுவின் தம்பி சொக்கு பாங்காக்கிலிருந்து வந்து இறங்கினான். ஒரு நகைக்கடைக்கு எடுபிடியாகப் போனவன், ஏழு வருடம் கழித்து இரண்டு பெட்டியும் ஒரு பெண்டாட்டியுமாக வந்தான். பெண் சயாம்காரி. பெயர் மாலி. தமிழ் பேசினாள். பாங்காக் கடையிலிருந்த காரைக்குடிப் பையன்களிடம் கேட்டுக் கற்ற தமிழ். மரியாதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் போட்டாள். முற்றத்துக்குள் நுழைந்த கோழியைக்கூட "போங்க, அங்குட்டுப் போங்க" என்று விரட்டினாள்.

சொக்கின் அம்மா கருப்பம்மாளுக்குப் பிள்ளையை விரட்ட மனம் வரவில்லை. மருமகளைக் கூடத்தில் ஏற்றவும் துணிச்சல் வரவில்லை. கிணற்றுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்து, தனி அடுப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மாலி பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள். மீனை உப்பில் ஊறவைத்து வடித்த தண்ணீர். அதன் மூடி திறந்த அன்றைக்குச் சந்து முழுக்கப் பேச்சு. பேச்சில் முன்னால் நின்றவள் பொன்னழகுதான்.

"அழுகின மீனுத் தண்ணியை ஊத்திச் சமைக்கிறா ஆத்தா! இடியாப்பத்தைக் கொண்டுபோயி ரசத்துல முக்கித் திங்கிறா!" என்று அவள் நடித்துக் காட்ட, கடையில் மசாலா அரைக்கிற பெண்கள் அம்மியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். நன்றாகவே நடிப்பாள் பொன்னழகு.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். குழம்பு ஒரு சொட்டுத் தெறித்து வாய் புண்ணாகி, பொன்னழகு கிணற்றடியில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாலி உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஒரு கிண்ணத்தைப் பூவரச இலையால் மூடிக்கொண்டு வந்து கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

"அக்கா, சாப்பிடுங்க. காரம் இல்ல. நெசமா இல்ல."

"எனக்கெதுக்கு?" என்றாள் பொன்னழகு.

"தினமும் மோரு. நான் பார்த்தேன்" என்றாள் மாலி.

இரண்டு வருடத்தில் பொன்னழகின் தட்டைப் பார்த்த முதல் ஆள் மாலிதான்.

இலையை நீக்கினால் தேங்காய்ப்பால் ஆவி. அதில் கோழிக்கறித் துண்டு நாலைந்து, வட்டமாக நறுக்கின சித்தரத்தை, நார்த்தை இலை, சொக்கின் பெட்டியில் ஈரத்துணி சுற்றி வந்து இப்போது கிணற்றடி ஓடையோரம் வளர்கிற எலுமிச்சை மணத்துப் புல். சித்தரத்தை இருமலுக்கு இழைத்துக் கொடுக்கிற சாமான். அதைக் கறியில் போட்டு யாராவது கேள்விப்பட்டதுண்டா? பொன்னழகு மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் ஒரு வாய் வைத்தாள். அப்புறம் சுளிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு கறியின் ருசி நாக்கில் வலியில்லாமல் இறங்கியது. கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்து, விரலால் வழித்தும் தின்றாள்.

"யாருகிட்டயும் சொல்லிராத" என்றாள், கையைக் கழுவிக்கொண்டே.

"சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் மாலி.

அதிலிருந்து தினமும் கடைக்கூட்டம் ஓய்ந்ததும் கிணற்றுச் சுவரில் இலை மூடிய கிண்ணம் இருக்கும். ஒருநாள் இஞ்சி போட்ட அரிசிக்கஞ்சியில் உடைத்து ஊற்றின முட்டை. ஒருநாள் வெண்பூசணிக்காயும் கொத்துக்கறியும் சேர்த்துத் தெளிவாக ஒரு சாறு. இன்னொரு நாள் பூண்டு மட்டும் தட்டிப் போட்டு வதக்கின கீரை. கார்த்திகையில் கறுப்புக் கவுணி அரிசியை வேகவைத்துத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றிக் கொண்டுவந்து, "அக்கா, இது எங்க ஊரு அரிசி, இங்க எப்படி வந்துச்சு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மாலி. பொன்னழகுக்கு உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. "வீட்டுச் சாப்பாடு அப்படி" என்று மருது கடையில் அதற்கும் பெருமையடித்துக்கொண்டான்.

இவ்வளவு தின்றும் அவள் வாய் ஓய்ந்ததா என்றால், இல்லை. அம்மிப் பக்கம் வந்தால் மீன் தண்ணீர்க் கதையை மறுபடியும் எடுப்பாள். நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று தனக்கே ஒரு நியாயம் வைத்திருந்தாள். இன்னொரு நியாயமும் இருந்தது. சயாம்காரர்கள் சாப்பாடே சப்பென்றுதான் போல, தங்களுக்கு வைக்கிற பானையிலிருந்து எனக்கு ஒரு கரண்டி ஊற்றுகிறாள், இதில் அவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்பது. கொட்டகை ஓரத்தில் ஊசி மிளகாய்ச் செடி ஒன்று காய்த்துத் தொங்கியது. அதைக் கண்ணேறுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மிளகாய் வறுக்கிற நெடி அங்கிருந்து வந்திருந்தாலும், கடைக்கு மசாலா வறுக்கிற வீட்டில் எந்த நெடி எந்த அடுப்பினுடையது என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

மாசி பிறந்தது. குலசாமி கருப்பருக்குப் பங்காளிகள் எல்லாம் கூடிப் பொங்கல் வைக்கிற மாசிக் களரி நெருங்கியது. கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பானை. பானை வைக்கிறவன்தான் பங்காளி. அவன் பிள்ளைக்குத்தான் அந்தக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தலாம். மாலிக்கு அப்போது மூன்று மாதம். சொக்கு பானைக்கடைக்குப் போய் மண்பானை ஒன்று தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி வந்து, பெரியவர்களைக் கூட்டிக் கேட்டான்.

பங்காளிகளில் மூத்தவர் சின்னக்கருப்பன். முரட்டு ஆள் இல்லை, வழக்கம் தவறாதவர். இரண்டு பேருடன் வந்து கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"சாதி சனம் தெரியாத பிள்ளைன்னு ஆளுக்கு ஒண்ணு பேசுறாக. பேசட்டும். நம்ம வழக்கத்துல ஒரே கேள்விதான். இந்த வீட்டு ஆளு யாராச்சும் அந்தப் பிள்ளை கையால கை நனைச்சிருக்கீகளா? நனைச்சிருந்தா அவ நம்ம வீட்டுப் பொண்ணு. பானையை வச்சுற வேண்டியதுதான்."

பெண் கேட்டுப் போனாலும் பேச்சு முடிகிறவரை ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காத ஊர் அது. கை நனைத்துவிட்டால் உறவு. அப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது.

கருப்பம்மாள் வாயைத் திறந்தாள். சின்னக்கருப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். "பெத்தவ பேச்சு எடுபடாது தாயி, பிள்ளைப் பாசம்னு சொல்லிப்புடுவாக. மூத்த மருமக சொல்லட்டும். ஆத்தா பொன்னழகு, நீ நனைச்சிருக்கியா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பின்வாசல் நிலையோரம் மாலி புதுப்பானையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயமே இல்லை. அக்கா இருக்கிறாளே என்ற நிம்மதி. பொன்னழகின் நாக்கில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தின்ற சித்தரத்தையின் மணம் இன்னும் இருந்தது. ஆமாம் என்றால் எப்போது, ஏன் என்று கேட்பார்கள். இரண்டு வருடத்துக் கதை வெளியே வரும். அம்மிப் பெண்கள் அடுத்து அவளைப் போல நடித்துக் காட்டுவார்கள். மருது கடையில் என்னவென்று பேசுவான்?

"இல்லீக மாமா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பொய் போதாதா? வாய் பழகின பழக்கம், அதுவாகவே மேலே போயிற்று. "அந்த நாத்தத்தை யாரு திம்பா?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சொக்கு தலையைக் குனிந்துகொண்டான். மாலி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பானையைச் சத்தமில்லாமல் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"அப்ப இந்த வருசம் வேண்டாம். அடுத்த வருசம் பார்ப்போம்" என்று எழுந்தார் சின்னக்கருப்பன்.

மறுநாள் சுவரில் கிண்ணம் இருக்காது என்றுதான் பொன்னழகு நினைத்தாள். இருந்தால் தொடக்கூடாது என்றும் நினைத்தாள். கிண்ணம் இருந்தது. பூவரச இலை, அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு சின்னக் கல். நின்று பார்த்தாள். பசித்தது. தின்றாள். அதுதான் கேவலம்.

பாதியில் மாலி வந்து பக்கத்தில் நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று பொன்னழகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்து நாத்தம்னு சொன்னீகள்ல அக்கா" என்றாள் மாலி, மெதுவாக, ஏதோ தன் பக்கம் தப்பு நடந்துவிட்ட மாதிரி. "உங்க கிண்ணத்துல மீன் தண்ணி நான் ஊத்துறதே இல்லக்கா. வெறும் உப்புத்தான் போடுறேன். இப்பவும் நாத்தம் வருதாக்கா?"

"இல்ல ஆத்தா, இல்ல" என்றாள் பொன்னழகு. மாலி திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் தானும் பேசாமல் இருந்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

களரி அன்றைக்குக் கோயில் திடலில் பானைகள் வரிசையாகப் பொங்கின. பொன்னழகின் பானைதான் முதலில் பொங்கியது. குலவை போட்டார்கள். பக்கத்தில் ஒரு பானைக்கான இடம் காலியாகக் கிடந்தது. அதில் யாரோ விறகைப் போட்டு வைத்திருந்தார்கள். அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. சின்னக்கருப்பனிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தாள். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டாள். மருதுவிடமாவது சொல்லலாம் என்று அந்த வாரம் முழுக்கப் பார்த்தாள். தொண்டைவரை வரும், அவன் "என்னடி?" என்பான், "உப்புத் தீந்துபோச்சு" என்பாள். அந்த வாரம் வீட்டில் உப்பு நிறையச் சேர்ந்துவிட்டது.

பங்குனியில் சொக்கு அண்ணனிடம் வந்தான். "நாங்க கிளம்புறோம்ணே. பிறக்கப் போற பிள்ளைக்கு இங்க ஒரு சாமி இல்லைன்னு ஆயிருச்சு. அங்க அவ ஆளுக இருக்காக. முதலாளி திரும்ப வரச் சொல்லியிருக்காரு." மருது தடுத்துப் பார்த்தான். கருப்பம்மாள் அழுதாள். பொன்னழகு அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், தீ நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கிளம்புகிற நாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு எல்லாரும் போனார்கள். சின்னக்கருப்பனும் வந்திருந்தார். எப்படியிருந்தாலும் தம்பி மகன் அல்லவா? மெட்ராஸ் ரயில் தாமதம் என்றார்கள். சொக்கு பெஞ்சில் உட்கார்ந்து, "பசிக்குது, இப்பவே ஒரு வாய் தின்னுட்டு ஏறிக்கிறேன்" என்று தூக்குச்சட்டியைத் திறந்தான். மேல் தட்டில் சோறு. கீழே தேங்காய்ப்பாலில் கோழிக்கறி. அதே சித்தரத்தை, அதே புல்லின் மணம்.

பொன்னழகு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், போகிற வருகிற ஜனமெல்லாம் பார்க்க, மாலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.

"அக்கா! வேண்டாம்!" மாலி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இது எங்க சாப்பாடு. காரம்க்கா!"

பொன்னழகு கையை விடுவித்துக்கொண்டு வாயில் வைத்தாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் நாக்கு, அண்ணம், காது எல்லாம் பற்றிக்கொண்டது. தன் கடைக் குழம்பெல்லாம் இதன் பக்கத்தில் குழந்தைச் சாப்பாடு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விழுங்கினாள்.

"என்ன மதினி நீங்க!" என்று பதறினான் சொக்கு. "ஊசி மிளகாயைக் கைநிறைய இடிச்சுப் போட்டிருக்கா. இவ காரத்தை என்னாலயே முழுசாத் திங்க முடியாது. உங்களுக்கு வைக்கிறது வேற பானையில்ல? தினம் காலையில உங்க பானைதான் மொத அடுப்பு ஏறும். அதை எறக்கி வச்சுட்டுத்தான் எங்களுக்கு வைப்பா. மிளகாய்க் கை பட்டுறக் கூடாதாம். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிப்புட்டா."

வேறு பானை. வயிற்றுப் பிள்ளையோடு மசக்கையில் கிடந்த மாதமும், கூடத்தில் பானையைக் கவிழ்த்த மறுநாளும் வேறு பானை. பொன்னழகு இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மாலி தடுக்கவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள். பொன்னழகு எழுந்து, எச்சில் கையோடு சின்னக்கருப்பன் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நல்லாப் பாத்துக்கங்க. நான் இவ கையால கை நனைச்சிருக்கேன். இன்னைக்கு இல்ல, புரட்டாசியிலருந்து. எனக்கு மிளகா ஆகாது. ரெண்டு வருசமா ஆகாது. தினம் எனக்குன்னு ஆக்கிக் குடுத்தா, தினம் தின்னேன். அன்னைக்குக் கேட்டீகளே, அன்னைக்குந்தான் தின்னுட்டு வந்து நின்னேன். பொய் சொன்னேன் மாமா."

மருது வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கருப்பம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னைக்கே இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா பானையை நானே தூக்கி வச்சிருப்பேனே ஆத்தா" என்றார் சின்னக்கருப்பன். பிறகு சொக்கிடம் திரும்பினார். "அடுத்த மாசிக்கு வந்துரு அப்பு. பிள்ளையையும் தூக்கிக்கிட்டு வா. உன் பானைக்கு இடம் நான் வச்சிருப்பேன்."

"பார்ப்போம் பெரியப்பு" என்றான் சொக்கு. நம் ஊரில் பார்ப்போம் என்று எப்போது சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ரயில் வந்தது. ஏறும்போது மாலி பொன்னழகின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "தண்ணி குடிக்காதீக அக்கா, எரிச்சல் கூடும். மோரு குடிங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கருப்பம்மாள் அவளோடு பேசவில்லை. மருது மட்டும் ஒரு தடவை கேட்டான். "ரெண்டு வருசமாவா?" அவள் தலையை ஆட்டினாள். "நான் பார்க்கவே இல்லையே" என்றான், தனக்குத் தானே.

கை கழுவப் பொன்னழகு கிணற்றடிக்குப் போனாள். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. பின்வாசல் நிலையோரம் அந்தப் புதுப்பானை கவிழ்த்தபடியே இருந்தது. கிணற்றுச் சுவரில், பூவரச இலை மூடி, மேலே சின்னக் கல் வைத்து, கிண்ணம் இருந்தது.

அவள் நகராமல் நின்றாள். பின்னால் வந்த கருப்பம்மாள் கல்லை எடுத்து வைத்துவிட்டு, இலையை நீக்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பொன்னழகிடம் நீட்டினாள்.

"தின்னு. உனக்குன்னுதானே ஆக்கி வச்சுட்டுப் போயிருக்கா."

பொன்னழகு அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்றாள். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. வாயெல்லாம் இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் அதன் ருசி அவளுக்குத் தெரியவில்லை.